குளிர்ந்த, அமைதியான வாரம்

அய்ன் ஸஃப்ஸாஃப்
1 மார்ச் 1996, வெள்ளி

மகள் நுவாராவுக்கு,

அம்மாவும் நானும் நலம். கழுதை எங்களைவிட நலம். அதற்கு யார் மீதும் கோபம் இல்லையல்லவா.

பெருநாளுக்கு நீ வரவில்லை. வேலை என்று எழுதியிருந்தாய். வானத்துக்குப் பெருநாள் விடுமுறை கிடையாது என்பது எனக்கும் புரியும். ஐந்தாம் வகுப்பு பிடித்துப்போய் இரண்டு வருடம் அதிலேயே உட்கார்ந்து படித்தவன் நான். ஆனால் ஒரு வருடமாகவே நீ வரவில்லை. அது எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற கணக்கோ தெரியவில்லை. அதை விடு. இந்தக் கடிதம் ஒரு காரியத்துக்காக.

சென்ற மார்ச்சில் நம் ஆப்ரிகாட் பூவெல்லாம் போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனது என்று அம்மா முழுதாக எழுதியிருக்க மாட்டாள். நான் எழுதுகிறேன். நீ வானிலை நிலையத்தில் இருப்பவள், உனக்கு இது தேவைப்படும்.

ஊற்றுத் தண்ணீர் ஏழு தோட்டத்துக்கு ஏழு இரவு. போன வருடம் நம் முறை புதன் இரவு, பக்கத்துத் தோட்டத்து லம்ரியின் முறை சனி இரவு. ஏழு தோட்டத்தில் பள்ளத்தில் இருப்பவை நம்முடையதும் அவனுடையதும்தான். உறைபனி வந்தால் மற்றவர்கள் வைக்கோல் புகை போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். நம் பள்ளத்தில் குளிர் வந்து உட்கார்ந்துவிட்டால் எந்தப் புகைக்கும் எழுந்திருக்காது. வேர்மண் ஈரமாக இருந்தால்தான் பூ பிழைக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லம்ரி ஒரு தட்டு மக்ரூத் பலகாரத்தோடு வந்தான். பேரீச்சம்பழம் நிறைய வைத்து, எண்ணெய் சொட்டச் சொட்ட.

“தெர்ராஜி, ரேடியோ கேட்டியா? குளிர்ந்த, அமைதியான வாரமாம். ஹுஸூம் எட்டு நாளும் இந்த வருஷம் பூனை மாதிரி நடந்து போயிடும்போல.”

“கேட்டேன், கேட்டேன்.”

“அப்ப உன் புதன் ராத்திரித் தண்ணிய எனக்குக் குடேன். என் சனிய நீ வச்சுக்க. சனிக்கிழமை மச்சான் வீட்டுக் கல்யாணம். அங்க ஆடுவேனா, மடையில நிப்பேனா?”

கொடுத்தேன். மார்ச் நடுவில் வரும் ஹுஸூம் என்றால் இந்த ஊருக்குக் காற்றும் ஆலங்கட்டியும்தான். காற்று இல்லையென்றால் தப்பித்தோம் என்று நினைக்கிற ஊர் இது. அந்த ஊரிலேயே பெரிய அப்பாவி உன் அப்பன். காற்றும் இல்லாமல் மேகமும் இல்லாமல் இருந்தால்தான் உறைபனி இறங்கும் என்று எனக்கும் தெரியும். தெரிந்தது எதுவும் அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. வாயில் மக்ரூத் இருந்தது.

வியாழன் காலை பார்த்தால் இதழெல்லாம் அழகாக இருந்தது. ஒரு பூவைப் பிரித்தேன். நடுவில் மிளகு மாதிரிக் கறுத்த பொட்டு. அடுத்த பூவிலும் அதுவே. நாற்பது மரத்திலும் அதுவே. லம்ரியின் தோட்டத்தில் ஒரு பூகூடக் கறுக்கவில்லை.

அதையும் மன்னித்திருப்பேன். ஆனால் ஜூனில் ஒரு கூடை ஆப்ரிகாட் அனுப்பினான் பார், மேலே வெள்ளைத் துணி போட்டு, “அண்டை வீட்டுக்கு” என்று! அம்மா அதில் ஜாம் போட்டு வைத்திருக்கிறாள். அந்தப் பாட்டிலை நான் தினமும் முறைக்கிறேன்.

இந்த வருடம் சீட்டுக் குலுக்கியதில் புதன் அவனுக்கு, சனி எனக்கு. இனி அவன் தட்டில் அவனுக்கே பரிமாறப் போகிறேன். நீ ஒன்று செய்தால் போதும். ஹுஸூம் வாரத்தில் எந்த இரவு உறைபனி என்று ரேடியோவுக்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடு.

உன் அப்பா,
தெர்ராஜி


மண்டல வானிலை நிலையம்
4 மார்ச் 1996

பாபா,

உங்கள் கடிதத்தை நிலையத் தலைவர்தான் முதலில் பிரித்தார். அலுவலக முகவரிக்கு எழுதாதீர்கள். பேருந்து ஓட்டுநர் ஷாத்லியிடம் கொடுத்தால் என் கைக்கே வந்துவிடும்.

நீங்கள் கேட்டதைச் செய்ய முடியாது. வாராந்திர முன்னறிவிப்பு ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு வானொலியில் போகும். அதற்கு முன் ஒருவருக்குச் சொல்லி, இன்னொருவருக்குச் சொல்லாமல் இருப்பது குற்றம். லம்ரிக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை. அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை. ஆனால் அவரும் வானொலியில் வந்ததைத்தானே கேட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஞாயிறு வானொலியில் சரியாக என்ன சொன்னார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? “குளிர்ந்த, அமைதியான” என்பதற்குப் பிறகு ஏதாவது சொன்னார்களா?

நினைவில்லை என்றால் பரவாயில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.

நுவாரா


அய்ன் ஸஃப்ஸாஃப்
6 மார்ச் 1996, புதன்

மகள் நுவாராவுக்கு,

அதற்குப் பிறகு சமையல் நிகழ்ச்சி சொன்னார்கள். முட்டை வைத்த ப்ரீக். வேறொன்றும் இல்லை.

உன் தலைவர் என் கடிதத்தைப் படித்தது நல்லதாகப் போயிற்று. எழுத்துப்பிழையைத் திருத்தி வைத்திருப்பார்.

குற்றம் என்கிறாய். சரி, அப்படியானால் நீ எதையும் சொல்ல வேண்டாம். ஒரு மகள் வீட்டில் உள்ளவர்களை நலம் விசாரிப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. செவ்வாய் என்றால் கோழியை விசாரி. புதன் என்றால் கழுதையை விசாரி. வியாழன் என்றால் உன் அத்தையை விசாரி. உறைபனியே இல்லை என்றால் யாரையும் விசாரிக்காதே. உன் வழக்கம் அதுதானே, ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது.

நேற்று முடிதிருத்துகிறவர் கடையில் லம்ரியைப் பார்த்தேன். முகம் முழுக்க சோப்பு நுரை, அதற்குள்ளிருந்தும் சிரிக்கிறான்.

“என்ன தெர்ராஜி, மரமெல்லாம் மொட்டு விட்டிருக்கே. இந்த வருஷமாவது பழம் கண்ணுல படுமா?”

“உன் புண்ணியத்துல படும்.”

“என் புண்ணியம் என்னய்யா? போன வருஷமே ஒரு கூடை அனுப்பினேனே, நல்லா இருந்துச்சா?”

கடைக்காரர் கையில் கத்தி இருந்தது. இரண்டு நிமிடம் கடன் கேட்கலாமா என்று யோசித்தேன். பிறகு என் தாடியை மட்டும் மழித்துக்கொண்டு வந்துவிட்டேன். பழிவாங்குவதில் எனக்குப் பழக்கம் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் புதிதாகக் கற்கிறேன். அப்பாவி முகம் எப்படி வைப்பது என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். அம்மா வந்து, “வயிறு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டுச் சீரகத் தண்ணீர் கொடுத்தாள்.

நீ சிரிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதினேன். காரியம் சிரிப்பு இல்லை. இந்த வருடமும் பூ போனால் மரங்களை வெட்டச் சொல்கிறான் உன் தம்பி. நல்ல விறகாம்.

கோழி, கழுதை, அத்தை. மறக்காதே.

அப்பா


மண்டல வானிலை நிலையம்
9 மார்ச் 1996, சனி

பாபா,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

சென்ற வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பை எழுதியது நான். தனியாக எழுதிய முதல் அறிவிப்பு. துனிஸிலிருந்து வந்த வரைபடத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது: காற்று இல்லை, மேகம் இல்லை, புதன் நள்ளிரவுக்குப் பின் பள்ளமான இடங்களில் உறைநிலைக்குக் கீழே. கடைசி வரியாக இப்படி எழுதியிருந்தேன்: “உயரமான பகுதிகளில் பள்ளத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் வியாழன் விடியலில் உறைபனியை எதிர்பார்க்கவும்.”

நீளமாக இருக்கிறது, ஒரு வரி குறையுங்கள் என்றார் அறிவிப்பாளர். எந்த வரி என்று அவர் சொல்லவில்லை. நான்தான் தேர்ந்தெடுத்தேன். “குளிர்ந்த, அமைதியான வாரம்” என்ற முதல் வரி எனக்கு அழகாகத் தெரிந்தது. அதை வெட்ட மனம் வரவில்லை. கடைசி வரியை வெட்டினேன். கடலோரத்தில் பிறந்தவள் அதைச் செய்தால் தெரியாமல் செய்தாள் எனலாம். நான் அந்தப் பள்ளத்திலேயே வளர்ந்தவள்.

அதனால்தான் வரவில்லை. வேலை என்று எழுதியதெல்லாம் பொய்.

லம்ரி செய்ததெல்லாம், நான் வெட்டிய வரியைத் தானாகவே படித்துக்கொண்டதுதான். பழி வாங்க வேண்டும் என்றால் வரிசையில் முதலில் நான் நிற்கிறேன்.

நாளை மதியம் அந்த வரி வானொலியில் வரும். இந்த முறை முதல் வரியாக.

இந்தக் கடிதம் இன்று மாலைப் பேருந்தில் உங்களுக்கு வந்துவிடும். இடையில் ஒரு முழுக் காலைப்பொழுது இருக்கிறது. அதை என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதனால் கேட்கிறேன்:

கழுதை நலமா?

நுவாரா


அய்ன் ஸஃப்ஸாஃப்
11 மார்ச் 1996, திங்கள்

நுவாராவுக்கு,

முதலில் லம்ரி. உன்னைப் பற்றிப் பிறகு.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே ஒரு தட்டு மக்ரூத்தோடு அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மாவிடம், பேரீச்சம்பழம் அதே அளவு வை, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பழி என்றால் சரியான அளவில் இருக்க வேண்டும்.

“லம்ரி, சனிக்கிழமை ராத்திரி எனக்கு முடியாதுப்பா. மச்சான் வரான். உன் புதன எனக்குத் தரியா?”

அவன் வானத்தைப் பார்த்தான். அன்று நல்ல காற்று. அவன் தலைக்குள் ஓடியதை அவன் நெற்றியிலேயே படித்தேன்: ஹுஸூம் காற்று வியாழன், வெள்ளி வரை அடிக்கும், பிறகு ஓயும், ஓய்ந்த இரவில் உறைபனி இறங்கும், அது சனி. இந்த முட்டாள் சனியைத் தட்டில் வைத்து நீட்டுகிறான்!

“உனக்காகத்தான் தரேன், தெர்ராஜி. அண்டை வீட்டுக்காரன்னா இப்படித்தான் இருக்கணும்,” என்றான். போன வருடச் சிரிப்பு, ஒரு பல்கூடக் குறையவில்லை.

அவனே அவசரப்பட்டு என்னை இழுத்துக்கொண்டு போனான். தண்ணீர் முறைக்காரர் மப்ரூக் முன்னால் இருவரும் வாய்க்காலில் கையை நனைத்தோம். நம் ஊரில் கை நனைந்தால் முடிந்தது. கலீஃபாவே வந்து கேட்டாலும் முறை திரும்பாது.

மதியம் ஒரு மணி. காப்பிக் கடை. இருவரும் ஒரே மேசை. என் கணக்கில் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், பைன் கொட்டை போட்டு. உன் வரி வந்தது. முதல் வரியாக. “புதன் இரவு... வியாழன் விடியலில்...” கடை முழுக்க லம்ரியைத் திரும்பிப் பார்த்தது. லம்ரி என்னைப் பார்த்தான்.

“உனக்கு முன்னாடியே தெரியும்.”

“உனக்குத் தெரிஞ்ச மாதிரித்தான்.”

“உன் மக சொல்லிட்டா.”

“என் மக கழுதைய விசாரிச்சா. அவ்வளவுதான்.”

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் டீயையும் நானே குடித்தேன். ஒரு வருடத்தில் இவ்வளவு இனிப்பாக எதையும் நான் குடிக்கவில்லை.

இப்போது உன்னைப் பற்றி.

உன் கடிதம் என் கஷாபியா மேலங்கியின் உள் பையில் இருக்கிறது. மூன்று முறை படித்தேன். நாலாவது முறை முடியவில்லை. அழகாகத் தெரிந்ததாம்! நாற்பது மரம், நுவாரா. நுவாரா என்றால் பூ. உனக்கு அந்தப் பெயரை வைத்தது நான். அந்தப் பெயருக்காகவாவது அந்த வரியை நீ விட்டுவைத்திருக்கலாம்.

லம்ரிக்குப் புதன் இரவு போதும். உனக்கு என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒருவர் மேல்தான் பழி வாங்க முடிகிறது. வயதாகிவிட்டது.

தெர்ராஜி


மண்டல வானிலை நிலையம்
12 மார்ச் 1996, செவ்வாய்

பாபா,

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. விவரம் மட்டும்.

புதன் மாலை காற்று முற்றிலும் நின்றுவிடும். உங்கள் பள்ளத்தில் உறைநிலைக்கு மூன்று பாகை கீழே போகும். அதிகாலை நான்கு மணிக்குக் கடிக்கத் தொடங்கும், சூரியன் வரும்வரை விடாது.

வேர்மண் ஒரு சாண் ஆழம் நனைந்தால் போதும். நம் தோட்டத்துக்கு மாலை ஆறிலிருந்து இரவு பத்துவரை தண்ணீர் விட்டால் அது நடந்துவிடும். அதற்குப் பின் வரும் தண்ணீர் மரத்துக்குப் பயன்படாது, வாய்க்காலில் வழிந்துதான் போகும்.

லம்ரியின் தோட்டத்துக்கும் அதே நான்கு மணி நேரம்தான் தேவை. ஆனால் நான்கு மணிக்கு முன் முடிந்துவிட வேண்டும்.

இதை வானொலியில் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்தான்.

நுவாரா


அய்ன் ஸஃப்ஸாஃப்
15 மார்ச் 1996, வெள்ளி

மகள் நுவாராவுக்கு,

பூக்கள் பிழைத்தன. நாற்பது மரமும். நேற்று முழுக்க ஒவ்வொரு மரத்திலும் இரண்டு பூவைப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் பச்சை. எண்பது பூவை நானே கொன்றதற்கு உறைபனி என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

நீ சொன்னபடியே பத்து மணிக்கு மண் நனைந்துவிட்டது. லம்ரி ஒன்பது மணிக்கே வந்துவிட்டான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மடைக்கு அந்தப் பக்கம் நின்றான். உன் வரியைக் கேட்டுவிட்டு ஊரே வைக்கோலோடு இறங்கி வந்திருந்தது. அவரவர் புகைக்கு வைக்கோல் குவித்து முடித்ததும் எங்கள் இருவரையும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

பத்து அடித்தது. தண்ணீர் சும்மா வழிந்து ஓடியது. பதினொன்று. நான் மடையைத் திருப்பவில்லை. அது சும்மா ஓடுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன், பெரிய சுகம்.

பன்னிரண்டுக்கு மப்ரூக் வாயைத் திறந்தார். “தெர்ராஜி, தண்ணி வாய்க்காலுக்கா, மரத்துக்காய்யா?”

“போன வருஷம் என்ன செஞ்சான்னு இவன் வாயால சொல்லட்டும். அப்புறம் திருப்புறேன்.”

அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். ஒரு மணிவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு அவ்வளவு ரோஷம். எனக்கு அதற்கு மேல். பிறகு சொன்னான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி:

“ஆமா. உறைபனி வரும்னு தெரிஞ்சுதான் கேட்டேன். மக்ரூத் கொண்டு போனேன். சிரிச்சேன். எல்லாம் செஞ்சேன். ஆனா அன்னிக்கு வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொன்னேன்ல, தெர்ராஜி? ‘வானம் ரொம்பத் தெளிவா இருக்கு, யோசிச்சுக்க’ன்னேன். நீ என்ன சொன்ன? சொல்லு, நீயும் உன் வாயால சொல்லு.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் இப்போது என்னைப் பார்த்தார்கள்.

நுவாரா, அவன் சொன்னது உண்மை. நான் அதை ஒரு வருடமாக மறந்திருந்தேன். மிகவும் வசதியான மறதி. அன்று நான் அவனிடம் சொன்னது இதுதான்: “அமைதியான வாரம்னு என் மக எழுதியிருக்கா. அவளவிட உனக்கு வானம் தெரியுமா?”

அந்த அறிவிப்பு உன்னுடையது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அம்மாவுக்கு மட்டும் ரகசியமாக எழுதியிருந்தாயே, இந்த ஞாயிறு என் முதல் அறிவிப்பு, அப்பாவிடம் சொல்லாதே என்று. அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். காப்பிக் கடையில் ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னதே நான்தான். “குளிர்ந்த, அமைதியான” என்று வந்ததும் எழுந்து நின்று, “என் மக!” என்றேன். தண்ணீர் முறையை நான் மக்ரூத்துக்காகக் கொடுக்கவில்லை. பெருமைக்காகக் கொடுத்தேன். வானத்தை அண்ணாந்து பார்த்தால் உன் எழுத்தைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று பார்க்காமலே இருந்தேன்.

நீ எழுதியதற்காக நீ ஒரு வருடம் வராமல் இருந்தாய். அது உன்னுடையது என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே இருந்தாய். தெரியும் என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நானும் ஒரு வரியை வெட்டியவன்தான்.

எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னேன். பிறகு மடையைத் திருப்பினேன். லம்ரி தண்ணீரோடு ஓடினான். நானும் மண்வெட்டியோடு பின்னால் ஓடினேன். எங்கள் வயதுக்கு அது ஓட்டம் இல்லை, வேடிக்கை. நான்கு மணி நேரம் தேவை என்று நீ எழுதியிருந்தாய். எங்களுக்கு மூன்றுதான் கிடைத்தது. கீழே இரண்டு வரிசைக்குத் தண்ணீர் எட்டவில்லை. காலையில் அவன் ஒரு பூவைப் பிரித்து என்னிடம் நீட்டினான். கறுத்த பொட்டு. அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு வரிசை என் பழி. சுமார் பதினாறு மரம். காப்பிக் கடை டீ மாதிரி அது இனிக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஜூனில் வெள்ளைத் துணி போட்டு அவனுக்குக் கூடை அனுப்பப் போகிறேன். அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். பழியை மொத்தமாக விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதே.

இனி உன் தண்டனை. யோசித்து முடித்துவிட்டேன். அந்த ஜாம் பாட்டில் இன்னும் திறக்காமல் இருக்கிறது. குற்றவாளிகள் மூன்று பேர் உட்கார்ந்து சூடான ரொட்டியோடு அதைத் தின்று தீர்க்க வேண்டும். லம்ரியிடம் சொல்லிவிட்டேன். “என் பழத்த எனக்கே போடுறியா?” என்றான். வருவான். மூன்றாவது ஆள் எப்போது வருகிறாள் என்று எழுது.

அப்பா


மண்டல வானிலை நிலையம்
17 மார்ச் 1996

பாபா,

கழுதை நலமா?

நுவாரா